வெளிச்சம் போடாத கேமரா

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் தம்பியும் சௌக்கியம், நான் முக்கால்வாசி சௌக்கியம். மீதிக் கால்வாசியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஊசியால் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுதான் என்று சொல்லிவிட்டார்கள், வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தாதே. போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைக் கேட்டு நான் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

வருஷா வருஷம் எடுக்கிற மார்பக எக்ஸ்ரேயில் இந்தத் தடவையும் ஒன்றும் தெரியவில்லை. என் சதை அடர்த்தியாம், படம் முழுக்க வெள்ளையாகத்தான் விழும், கட்டி இருந்தால் அதுவும் வெள்ளை. நம் ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வெள்ளைச் சட்டையில் வருகிறவர்களை, பின்திரையும் வெள்ளை என்று வேறு சட்டை மாற்றிவரச் சொல்லித் திருப்பி அனுப்புவேனே, அந்தக் கதைதான். ஆனால் டாக்டரம்மா விடவில்லை. உங்க தங்கச்சிக்கு வந்திருக்கு, இதோட விட எனக்கு மனசில்ல, அணு மருத்துவப் பிரிவுல ஒரு படம் எடுத்துடலாம் என்றார். அணு என்ற வார்த்தையைக் கேட்டதும் உன் அப்பா, இவ ராத்திரியில மின்னுவாளா டாக்டர், லைட்டை அணைச்சுடலாமா என்று கேட்டு என் மானத்தை வாங்கினார். கையில் ஒரு ஊசி, அவ்வளவுதான் சமாச்சாரம். அந்த மருந்தில் கொஞ்சம் கதிரியக்கம் இருக்கும், கட்டி அதை மற்ற சதையைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளும், அங்கிருந்து வரும் கதிரைக் கேமரா பிடித்துக்கொள்ளும். ஃபிளாஷும் இல்லை, லென்ஸும் இல்லை. இத்தனை வருஷம் ஊராருக்கெல்லாம் விளக்குப் போட்டுப் படம் எடுத்த நான், அன்றைக்கு நானே விளக்காக உட்கார்ந்திருந்தேன் போ.

மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே மெதுவாகப் பிடித்துவைப்பார்கள், எக்ஸ்ரே மாதிரி உயிர் போகிற நசுக்கல் கிடையாது. ஆனால் ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் அசையக் கூடாது. படம் எடுக்கிற பெண் உன் வயசுதான் இருப்பாள், ஆடாம இருங்கம்மா என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். வலது பக்கம் முடிந்து இடது பக்கம் ஆரம்பித்ததும், பக்கத்துத் திரையில் புள்ளி புள்ளியாகப் படம் சேருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. பழக்கதோஷம், ஃபிரேம் சரியாக விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டேன்! படம் கெட்டது. ஏம்மா, உங்க ஸ்டூடியோவுல யாராவது இப்படிப் பண்ணா சும்மா விடுவீங்களா என்று அவள் கேட்க, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முணுமுணுத்துக்கொண்டே மறுபடி என்னை உட்காரவைத்தாள், இந்தத் தடவை சதையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து, விலா எலும்பு ஓரம்வரை உள்ளே வரும்படி வைத்தாள். அந்தப் படத்தின் விளிம்பில்தான் கரும்புள்ளி விழுந்தது. அடுத்த கோணத்தையும் அதே மாதிரி வைத்து எடுத்தாள், அதிலும் இருந்தது. அந்த ஓரம் முதல் படத்துல விழுந்தே இருக்காது என்றாள், அதற்குப் பிறகு என்னைத் திட்டவில்லை.

பயந்தாயா என்று கேட்பாய். பயந்தேன் கண்ணு. புற்று என்று சொன்ன அன்று, கேலி பேசிக்கொண்டிருந்த உன் அப்பாவுக்குக் கார் கதவைத் திறக்கவே வரவில்லை. சாவியைப் பிடுங்கி நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன், ஓட்ட ஓட்டப் பயம் தெளிந்தது. சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம், அக்குளில் பரவியதற்கு அடையாளம் இல்லை, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கொஞ்ச நாள் கதிர் சிகிச்சை கொடுத்தால் போதும் என்கிறார் டாக்டரம்மா. நான் நன்றாகத்தான் வருவேன், எனக்குத் தெரியும். ஸ்டூடியோவைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், வருகிறவர்களையெல்லாம் சிரிக்கச் சொல்லி உயிரை எடுக்கிறான், பாஸ்போர்ட் படத்துக்குக்கூட!

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சித்திக்கு வந்தபோதே உன்னைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று வருஷத்தை ஓட்டிவிட்டாய். வேலை இருக்கும்மா என்பாய், வேலை இல்லை, பயம். உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? சித்திக்கும் எனக்கும் வந்தாயிற்று, இனி மகளை நாள் கடத்த விடாதீங்க என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உனக்கு எந்தப் படம் தேவை என்று அங்கே உள்ள டாக்டர் முடிவு செய்யட்டும், எல்லாருக்கும் இந்த ஊசிப் படம் தேவைப்படாது. நீ போய் அவர் முன்னால் உட்கார வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், வாண்டுக்கு ஆயிரம் முத்தம். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வியாழக்கிழமைக்கு டிக்கெட் போடாதே, இங்கே வந்து ஆஸ்பத்திரி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க உன் அப்பா ஒருவரே போதும். அதற்கு முன்னால் நீ அங்கே டாக்டரிடம் நாள் வாங்கி, அப்பா போனுக்கு ஒரு வரி அனுப்பு. மயக்கம் தெளிந்ததும் என் கட்டி போய்விட்டதா என்று நான் யாரையும் கேட்கப்போவதில்லை. உன்னிடமிருந்து செய்தி வந்ததா என்றுதான் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா