எட்டாம் நம்பர் சட்டையைக் கேட்டு வந்தார்கள், மாமா

எட்டாம் நம்பர் லூர்து மாமாவுக்கு,

உங்கள் மச்சான் சேவியர் எழுதுகிறேன். நலமா என்று கேட்கிற கடிதம் இல்லை இது. நலமாக இருந்தால் நீங்கள் ஏன் கல்லறையில் படுத்திருக்கப் போகிறீர்கள்? கோபத்தில் எழுதுகிறேன். பாதிக் கோபம் ஊர் மேல், பாதி உங்கள் மேல்.

நேற்று கேலரி மூர்த்தி சிதம்பரத்துக்கு வந்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற என் ஃபிரேம் கடைக்கு. மூர்த்தியை ஞாபகம் இருக்கிறதா என்று உங்களிடம் கேட்க முடியுமா? நீங்கள் நீலச்சட்டை கிளப்புக்கு ஆடிய காலமெல்லாம் மேல்படியில் நின்று துண்டைச் சுழற்றியவன். கையில் எட்டு என்று பச்சை குத்திக்கொண்டவன். மாரியம்மன் கோயிலில் மொட்டையடித்த தன் பிள்ளைக்கு லூர்து என்று பேர் வைத்துவிட்டு, தன் அப்பாவிடம் செருப்படி வாங்காத குறையாக ஏச்சு வாங்கியவன்.

"சேவி, அண்ணன் பேர்ல கப்பு நடத்தறோம்டா" என்றான். "கடலூர் பூரா பேனர் வெக்கறோம். அண்ணனோட நீலச்சட்டை இருக்குதில்ல? அதைக் கண்ணாடி போட்டு கிளப் ரூம்ல மாட்டணும். நீயே ஃபிரேம் பண்ணிக் குடுத்துடு, இன்னா?"

எனக்கு மேலெல்லாம் எரிந்தது மாமா. பேனரின் மாதிரியை செல்போனில் காட்டினான். 'கால்பந்தின் கடவுளே, எங்கள் மூச்சே' என்று உங்கள் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். நீங்கள் உயிரோடு இருந்த கடைசி ஏழு வருஷம் இந்த மூச்செல்லாம் எங்கே போயிருந்தது?

இந்தக் கடிதத்தை வாசிக்கிற மற்றவர்களுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிந்த கதையை அவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தை விட்ட பிறகு நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். உள்ளூர் கேபிள் சேனல்காரன் ஞாயிற்றுக்கிழமையானால் கடலூர் செம்மண்டலத்தில் உங்கள் வீட்டு வாசலில் மைக்கோடு நிற்பான். சிதம்பரம் டீமின் கோல்கீப்பருக்குக் குனியவே வராது என்றீர்கள், ஊர் சிரித்தது. கிரிக்கெட் பார்க்கிற நேரத்தில் படுத்துத் தூங்கலாம் என்றீர்கள், கைதட்டியது. மனசுல பட்டதைப் பேசற மனுஷன் என்று டீக்கடையில் பெருமையாகச் சொன்னார்கள். அடுத்தவனைப் பற்றிப் பேசுகிற வரைக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

பிறகு சுனாமி வந்தது. கரையில் வீடு போனவர்களுக்கு நம் கிரவுண்டில் தார் ஷீட் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். பெனால்டி ஏரியாவில் அடுப்பு எரிந்தது, கோல் போஸ்ட்டில் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தார்கள். சீசன் நெருங்கியதும் கிரவுண்டைக் காலி செய்து தர வேண்டும் என்று கிளப் கேட்டது. சேனல்காரன் உங்களிடம் ஓடிவந்தான். லூர்து சொன்னால் கலெக்டரே கேட்பார் என்று ரசிகர்கள் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். மூர்த்தி தன் வீட்டு டி.வி.யைத் தெருவிலேயே தூக்கி வைத்தான்.

நீங்கள் சொன்னீர்கள்: "பந்தை எங்க வேணா போட்டு ஆடலாம். இவுங்களை எங்க போடுவீங்க? வீடு கெடைக்கிற வரைக்கும் இவுங்க இங்கதான் இருக்கணும்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா மாமா? நீங்கள் எங்கே நிறுத்துகிற ஆள். "இதைக் கேக்கறதுக்கு நம்ம கிளப்புக்கும் வெக்கமில்ல, நம்ம ரசிகனுக்கும் வெக்கமில்ல" என்று ஒன்றையும் சேர்த்தீர்கள். அன்றைக்கு முடிந்தது உங்களுக்கும் ஊருக்கும்.

மறுநாள் டீக்கடையில் நானும் இருந்தேன். "அவருக்கு இன்னா, ஆடி முடிச்சிட்டாரு, பேரும் வாங்கிட்டாரு" என்றான் ஒருத்தன். "இனிமே நம்ம பசங்க எங்க போய் ஆடுவாங்க?"

"கால்ல ஆடினப்ப நம்மாளு. வாயால ஆட ஆரம்பிச்சாரு, எதிராளி ஆயிட்டாரு" என்றான் மூர்த்தி. "வாய் ஜாஸ்தி சேவி உங்க மாமாவுக்கு. வெக்கமில்லாதவனாம் நானு!"

"சொன்னதுல இன்னாடா தப்பு?" என்று நான் எகிறினேன். கைகலப்பு ஆகியிருக்கும், கடைக்காரர் நடுவில் வந்து விலக்கிவிட்டார். அன்றைக்கே மூர்த்தி தன் பிள்ளையை லூர்து என்று கூப்பிடுவதை நிறுத்தினான். அது பாவம், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் விழித்தது.

அவர்கள் பக்கம் வலியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டீம் புவனகிரிக்குப் போய் அறுவடை முடிந்த வயலில் ஆடியது. தாளடியில் கால் கிழிந்து பையன்கள் ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள். கொட்டகைக்காரர்கள் வீடு கிடைத்துப் போன பிறகும் பழைய டீம் திரும்பவில்லை. தோற்ற ஒவ்வொரு ஆட்டத்தையும் உங்கள் தலையில் எழுதினார்கள். 'தானே' புயலில் கேலரித் தகரம் பறந்தபோதுகூட, "அந்தாளு வுட்ட சாபம்" என்றான் ஒருத்தன். சிரிக்கிறதா அழுகிறதா சொல்லுங்கள்.

நீங்கள் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருந்தால் தோளில் தூக்கி வைத்திருப்பார்கள். அக்கா எத்தனையோ தரம் கெஞ்சினாள். "தப்பா பேசியிருந்தா சொல்றேன் ஸ்டெல்லா" என்று முடித்துவிட்டீர்கள். சாயங்காலமானால் கிரவுண்டு கேட் வரைக்கும் நடந்துபோய், உள்ளே போகாமல் திரும்பி வருவீர்களே, அது யாருக்குத் தெரியும்? எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான்.

அப்புறம் அந்த நாள். நம் கிளப்பின் வழக்கத்தை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆட்டக்காரர் யார் இறந்தாலும் கேப்டன் புது நீலச்சட்டையோடு வீட்டுக்கு வந்து உடம்புக்குப் போட்டுவிட வேண்டும். பிறகுதான் பெட்டி எடுப்பது. எத்தனை சாவுக்கு நீங்களே சட்டையோடு போயிருக்கிறீர்கள்!

உங்களுக்குக் கேப்டன் வரவில்லை மாமா.

ஃபாதர் நேரமாகிறது என்றார். "வருவாங்க ஃபாதர், கொஞ்சம் இருங்க" என்றாள் அக்கா. தெருமுனையில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தாள். வெயில் ஏறிவிட்டது. சொந்தக்காரர்கள் முனக ஆரம்பித்தார்கள். கடைசியில் அவளே பீரோவைத் திறந்து, காலர் நைந்துபோன உங்கள் பழைய எட்டாம் நம்பரை எடுத்து வந்தாள். "சேவி, தோளைத் தூக்கிப் பிடி" என்றாள். தூக்கினேன். என்ன கனம் மாமா நீங்கள்! கை மடங்கவே இல்லை. பின்பக்கம் கத்தரியால் வெட்டித்தான் போட முடிந்தது.

கொட்டகையில் இருந்தவர்களில் யாராவது வந்தார்களா என்று கேட்பீர்கள். வரவில்லை. அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? திசைக்கு ஒன்றாகப் போய்விட்டார்கள். உங்கள் ஒரு பேச்சுக்காக ஊர் உங்களை ஒதுக்கியது என்பதாவது அவர்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நேற்றைக்கு வருகிறேன். சட்டை விஷயம் என் வாயால் சொல்ல வரவில்லை. "வா, அக்காவையே கேளு" என்று மூர்த்தியை அடுத்த பஸ்ஸில் செம்மண்டலத்துக்குக் கூட்டிப்போனேன். அக்கா கதவைப் பாதி திறந்து நின்றாள். மூர்த்தி பேனர், கோப்பை, ஃபிரேம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னான்.

"சட்டையா?" என்றாள் அக்கா. "அவரு போட்டுக்கினு இருக்காரு. போய்க் கேளுங்க."

மூர்த்திக்கு முகம் செத்துப்போயிற்று. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பச்சை குத்திய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் ஒரு நிமிஷம் மனம் இளகத்தான் செய்தது. பிறகு அவனே கெடுத்துக்கொண்டான். "அண்ணன் மட்டும் வாயைத் தொறக்காம இருந்திருந்தா அவரு சாமி அக்கா" என்றான்.

"கப்பை நானே குடுக்கறேன்" என்றாள் அக்கா. "ஆனா மைக்ல அன்னிக்கி அவரு சொன்னதைச் சொல்லிட்டுத்தான் குடுப்பேன்."

"ஐயோ, அது வேணாங்கா. பழசைக் கிளறினா பசங்க கலாட்டா பண்ணுவாங்க. நீங்க கப்பு மட்டும் குடுங்க, மைக் வேணாம்."

அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலை வரைக்கும் சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டில் போன் செய்து சொன்னார்கள்.

உயிரோடிருந்த லூர்துவை அவர்களுக்குப் பிடிக்கவில்லை மாமா. செத்த லூர்துவைப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இந்த லூர்து பேச மாட்டார். மூர்த்தி திரும்ப பஸ் ஏறும்போது போனில் பிள்ளையை லூர்து என்று கூப்பிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் இப்போது வந்து என்ன பிரயோசனம்?

ஆனாலும் ஒன்று சத்தியம் செய்கிறேன். ஃபைனல் அன்றைக்கு ஆட்டத்துக்கு முன்னால் உங்களுக்காக எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வார்கள். ஒரு நிமிஷம் மௌனம். கிரவுண்டில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். நான் கேலரியின் மேல்படியில் நிற்பேன், அக்காவும் வருகிறேன் என்றால் அவளும் பக்கத்தில் நிற்பாள். அந்த ஒரு நிமிஷத்தில், நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அடித்தொண்டையிலிருந்து கத்துவேன். பிறகு அடிப்பார்களோ, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்களோ தெரியாது; யாரும் திருந்தப் போவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மைக் வேண்டாம் மாமா.

உங்கள் தோளைத் தூக்கிப் பிடித்த,
ஸ்டெல்லாவின் தம்பி,
உங்கள் மச்சான் சேவியர்
சிதம்பரம்