மெஷின் தொடாத படம்

மார்ச் 3, காலை 7.10 (எல்லாம் சென்னை நேரம்)

நிலா முகாம். காற்றழுத்தம் சரி. ஆக்ஸிஜன் சரி. இட்லி மட்டும் சரியில்லை. நேற்று ஒன்று கைதவறி விழுந்ததில் நிலாவில் புதிதாக ஒரு பள்ளம்.

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே, எழுதுவது சவுண்ட் இன்ஜினியர் திரவியம். எறும்பு ஏப்பம் விட்டாலும் அது எந்தக் கட்சி எறும்பு என்று சொல்லிவிடும் காது என்னுடையது. நிலாவில் ஷூட்டிங் முடித்து யூனிட் முழுக்க ஊர் திரும்பிவிட்டது. பேட்ச் ஒர்க்குக்காக, அதாவது விட்டுப்போன துண்டு ஷாட்டுகளுக்காக, நானும் டைரக்டர் கார்மேகனும் மட்டும் பாக்கி. எங்களை ஏற்றிப்போகும் ஓடம் நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சென்னை உத்தரவு கொடுத்தால் இறங்கும்.

மார்ச் 3, காலை 11.40

படத்தின் முதல் டைட்டில் கார்டு இது: "இதில் ஒரு ஃபிரேமைக்கூட ஏஐ தொடவில்லை." ஊரில் டைரக்டர்கள் எல்லாம் மேடையில் ஏஐயைத் திட்டிவிட்டு, கேரவனுக்குள் போய் அதனிடமே கிளைமாக்ஸ் கேட்கிற காலம். கார்மேகன் நிஜமாகவே திட்டுகிறான். இன்று முகாமின் காற்றைக் கவனிக்கும் ஏஐயையும் கழற்றச் சொன்னான். வெளியே போய், சுவரில் இருந்த அதன் பெட்டி முன் நின்று ஹெல்மெட் ரேடியோவில் பேசியது:

"வேணாம் தம்பி. பாவம், அது ஃபேனை மட்டும்தானே பாத்துக்குது?"

"அது விடுற காத்தை வாங்கிட்டு அந்தக் கார்டு போட்டா என் வாய் வெந்துடும்ணே."

விடைகொடுக்கக் கற்பூரம் காட்ட வழியில்லை. டார்ச்சை மூன்று சுற்று சுற்றிக் காட்டினோம். பெட்டியைப் பிடுங்கி வீசினான். இங்கே வீசினால் அடுத்த மாவட்டத்தில்தான் விழும்.

மார்ச் 3, மாலை 4.05

ஹீரோ மூச்சு வாங்கும் ஷாட். ஹீரோ ஊரில் இருக்கிறார், மூச்சு என்னுடையது. டேக்குக்கு முன் ஃபேனை அணைப்பது நம் தொழில் வழக்கம், இல்லாவிட்டால் சவுண்டில் இரைச்சல் ஏறும். காலையில் வீசிய அந்தப் பெட்டி இருந்தவரை, டேக் முடிந்ததும் அதுவே திரும்பப் போட்டுவிடும். இன்று ஒரே டேக்கில் ஓகே. கட்டிப்பிடித்துக் கூத்தாடினோம். ஃபேனை மறந்தோம்.

ஞாபகம் வந்தபோது வெளிச்சுவரில் இருக்கும் ஃபேன் மோட்டார் குளிரில் இறுகிவிட்டிருந்தது. தட்டினேன். உதைத்தேன். அதன் ஏழு தலைமுறையையும் திட்டினேன். சுற்றவில்லை. இருக்கிற காற்று இரவு வரை வரும். அதற்குள் ஓடம் இறங்க வேண்டும்.

மார்ச் 3, மாலை 5.30

சென்னையில் இருக்கும் தயாரிப்பாளர் வைரவனை லைனில் பிடித்தேன்.

"முதலாளி, காத்து தீருது. ஓடத்தை இறக்கச் சொல்லுங்க."

"திரவியம் அண்ணே, படமே முடிஞ்சிருச்சு! பேட்ச் ஒர்க் பூரா ஏஐ போட்டு முடிச்சாச்சு. காலையில பிரஸ் மீட்டும் நடந்துச்சு. கார்மேகன் என்னமா பேசினார்ங்கிறீங்க!"

"அவன் இங்க என் பக்கத்துல நிக்கிறான்."

"அது எனக்குத் தெரியும், இங்க பேசினது ஏஐ கார்மேகன். பிரஸ்ஸுக்குத் தெரியாதே. எல்லாரும் பத்திரமா வந்துட்டோம்னு அவர் வாயாலேயே சொல்லியாச்சு. இப்ப ஓடம் இறங்கினா என் கதி?"

கார்மேகன் குறுக்கே புகுந்தான். "அந்தக் கார்டு?"

"கார்டை எடுப்பேனா தம்பி? அதை வெச்சுத்தானே வியாபாரமே."

லைன் கட்.

மார்ச் 3, மாலை 6.50

தலை கனக்கிறது. ஓடத்துக்கு உத்தரவு கொடுக்கும் சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்கே நேராகக் கூப்பிட்டேன். சுகிர்தா என்று ஒரு பெண்.

"ரெண்டு உயிர்ம்மா. திரவியம், கார்மேகன்."

"அவங்க ரெண்டு பேரையும் டிவியில பாத்தேனே சார். ஏஐ குரலை வெச்சு விளையாடாதீங்க."

"மனுஷன்தாம்மா! என் மூச்சைக் கேளு, ஆயிரம் யானை மலையேறுற மாதிரி இல்ல?"

"மெஷின்தான் சார் இப்படி அளக்கும்."

கார்மேகன் மைக்கைப் பிடுங்கினான். "நான்தாம்மா டைரக்டர்."

அவள் டிவி சத்தத்தை லைனில் விட்டாள். கார்மேகன் குரல். "மனுஷ மூச்சுக்கு ஈடே கிடையாது. என் படத்தை மெஷின் தொட விடமாட்டேன்."

"கேட்டீங்களா? லைவ் பேட்டியில பேசிட்டிருக்கார். இனிமே கூப்பிட்டா போலீஸ்ல சொல்லுவேன்."

அவள் போய்விட்டாள். டிவி சத்தத்தை நிறுத்த மறந்துவிட்டாள்.

நேரம் தெரியவில்லை

குளிர். கை சொன்னபடி கேட்கவில்லை. கார்மேகன் சுவரில் சாய்ந்திருக்கிறான். பேட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. அணைக்கட்டுமா என்றேன். வேண்டாமென்று கை காட்டினான். பிறகு, ரொம்ப மெதுவாக:

"என்னைவிட நல்லா பேசுறான்ணே."

அப்புறம் பேசவில்லை.

அங்கே கைதட்டுகிறார்கள். இங்கே ஒரே ஒரு மூச்சுதான் கேட்கிறது. என்னுடையது என்று நினை