கஸ்பரின் பெயரை நீக்குவது பற்றி

8 நவம்பர் 1995, புதன்

யூனியன்வில்லிலிருந்து எங்கள் பறவையாளர் கழகத் தலைவர் இராஜரட்ணத்தின் கடிதம். கியூபெக் வாக்கெடுப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம். யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் சண்டைக்குப் பயந்து ஒரே இரவில் ஊரை விட்டு வெளிக்கிட்டதற்கு ஒரு வரி. பிறகு கழக அலுவல்: பாசையூர்க் கஸ்பர் மூன்று காலாண்டாகப் பறவைக் கணக்கு அனுப்பவில்லை, விதி ஏழின்படி அங்கத்தவர் பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்க வேண்டுமாம்.

விசரன்! சனம் மழைக்குள் றோட்டில் நிற்கிறது, இவருக்குக் கொக்குக் கணக்கு வேண்டும்.

9 நவம்பர்

நாலு பக்கத்தில் பதில் எழுதினேன். இருபத்திரண்டு வருடம் தவறாமல் கணக்கு அனுப்பியவன் கஸ்பர். நாங்கள் எல்லோரும் கனடாவுக்கு ஓடிவந்த பின்னும் யாழ்ப்பாணத்திலேயே நின்றவன். ஏப்ரலில் சண்டை மூண்டபிறகு அங்கிருந்து தபாலே ஒழுங்காக வருவதில்லை. 'கனம் தலைவர் அவர்களே' என்பதோடு மரியாதை முடிந்தது. மனைவி கமலாம்பிகை வாசித்துவிட்டு, "உந்தக் கடிதத்தை அனுப்பாதையுங்கோ" என்றாள். அனுப்பிவிட்டேன்.

17 நவம்பர்

இராஜரட்ணம் தொலைபேசியில். "வாகீசன் அண்ணை, விதி ஏழை எழுதினது ஆர்? நீங்களும் கஸ்பரும்தானே?"

ஓம், நாங்கள்தான். எழுபத்து மூன்றில். சோம்பேறிகளை நினைத்து எழுதினோம். இதுக்கோ எழுதினனாங்கள்?

விதியை மாற்றுவதென்றால் மார்ச் பொதுக்கூட்டத்தில்தானாம். அதுவரை பெயர் இருக்கட்டுமாம். பெரிய மனசு!

30 டிசம்பர்

கஸ்பரும் மனைவி மரியம்மாவும் எங்கே என்று ஒரு தகவலும் இல்லை. செஞ்சிலுவைக்கு மறுபடி எழுதினேன்.

21 ஜனவரி 1996

விதியை மாற்றக் கேட்டு அங்கத்தவர் எல்லோருக்கும் எழுதியதற்குப் பதில் வந்துவிட்டது. விட்பியில் இருக்கும் அன்புராசாவைத் தவிர எல்லோரும் கஸ்பரின் பக்கம். "சட்டம் சட்டம்தானே" என்கிறார் அன்புராசா. காகத்துக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் சட்டம் கதைக்கிறார்.

2 மார்ச், சனி

கஸ்பர் உயிரோடு இருக்கிறான்! கிளிநொச்சியில் எழுதிய கடிதத்தை யாரோ கொழும்பில் தபாலில் போட்டிருக்கிறார்கள். முதல் வரியைக் கண்டதும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்: 'நாவற்குழிப் பாலம், ஒக்டோபர் 31, விடிய ஆறு மணி. பூநாரை 146.'

மீதியை அப்படியே எழுதி வைக்கிறேன்.

'வெளிக்கிட்ட சனத்தின்ரை நெரிசலுக்குள்ளை நிண்டு எண்ணினனான், வாகீசன். கண் தன்ரை பாட்டிலை எண்ணுது. எண்ணி முடிச்சுத் திரும்பினால் பக்கத்திலை மரியம்மா இல்லை. விழுந்து மிதிபட்டுப் போனாள். மூண்டாம் நாள் சாவகச்சேரியிலை கண்ணை மூடினாள். இனி எனக்கு உந்தக் கணக்கு வேண்டாம். என்ரை பேரை வெட்டிவிடு.'

கமலாம்பிகைக்கு வாசித்துக் காட்ட முடியவில்லை. கையில் கொடுத்தேன்.

24 மார்ச், ஞாயிறு

அஜின்கோர்ட்டில் பொதுக்கூட்டம். விதித் திருத்தத்தை இராஜரட்ணமே அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் எழும்பி, கஸ்பரின் பெயரை நீக்கவேண்டும் என்று முன்மொழிந்தேன்.

"என்ன அண்ணை, எங்களோடை பகிடியே விடுறியள்?" என்றார்.

"அவன்தான் கேட்டவன்" என்றேன்.

"அப்ப கடிதம் வந்ததோ? கணக்கு ஏதும் அனுப்பினவரே? பதிஞ்சு வைப்பம்."

கணக்கு ஏதும் இல்லை என்றேன்.