அறுநூற்றைம்பது என்றேன்

ஆனி 10, செவ்வாய்

அவையோரே! அவை என்று எழுதிவிட்டேன். இருப்பது நானும் மேசை விசிறியும். ஆயினும் முறையீட்டைக் கேளுங்கள். வெள்ளவத்தையில், கடற்காற்று சன்னற் கம்பிகளைத் தின்னும் இந்த வீட்டில், என் மனைவி பவானியின் தொழிலுக்கு ஊறு நேர்ந்திருக்கிறது! திருமணக் காணொளிகளைத் தொகுப்பவள். இன்று காலை முதல் அவள் கணினித் திரையில் ஊதாக் கோடுகள். மணமகளின் கூறைச் சேலைக்குக் குறுக்கே, ஐயரின் நெற்றிக்குக் குறுக்கே. பிறகு இருள். பிறகு மீண்டும் ஐயர்.

திரைக்குப் படம் அனுப்பும் பழைய வரைகலை அட்டை சாகிறதாம். புதியது வேண்டும்.

மணவீட்டார் ஞாயிறு இரவு கனடா திரும்புகிறார்கள். காணொளி கையில் இருக்க வேண்டும். அக்குடும்பத்தில் இன்னும் இரு திருமணங்கள். அவையும் இவளுக்கே என்று வாய்ச்சொல். அவளாகத் தேடிப் பிடித்த முதற் பெரிய வேலை.

"நாளைக்கு நானே கடைக்குப் போறன், பவா."

"போங்கோ. ஆனா முதல்ல பெட்டியைத் திறந்து, உள்ளுக்கு என்ன பவர் சப்ளை கிடக்கெண்டு பாத்திட்டுப் போங்கோவன்."

தலையசைத்தேன். திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை உரைக்கு ஆயத்தம். தாய்மொழிக் கல்வி. தொடக்கத்தில் சூடு போதாது.

வாங்க: அதிமதுரம், சவர அலகு, வரைகலை அட்டை.

ஆனி 11, புதன்

தூறல். பேருந்தில், துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை வரை நின்றபடியே. ஜெரோமின் கணினிக் கடை, மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில். அவர் என்னை அறிந்திருந்தார்.

"சேர், நீங்கதானே போன மாசம் மண்டபத்தில பேசினது? மைக் வேலை செய்யாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டிச்சு. எங்கட அம்மா பயந்திட்டா."

மகிழ்ந்தேன். இதை எழுதக் கூடாது; எழுதினேன்.

இரண்டு அட்டைகள் எடுத்து வைத்தார். சிறியது: எட்டு கிகாபைட்டு, ஒற்றை விசிறி. பெரியது: பன்னிரண்டு, மூன்று விசிறிகள், பொன்னாடை போன்ற மினுக்கம்.

"பெருசு கரண்ட் கூட இழுக்கும், சேர். வீட்டு கம்பியூட்டர்ல பவர் சப்ளை எத்தன வோட்ஸ்?"

கடையில் நின்ற ஐந்தாறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவை காத்திருக்கும்போது 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வந்ததில்லை. மேடைப் பழக்கம். வீட்டு மேசைக்கடியில் மின்கலப் பெட்டி ஒன்று உண்டு, மின்தடையின்போது உதவுவது. அதன் முகத்தில் பெரிதாக ஓர் எண். அது கண்முன் வந்தது.

"அறுநூற்றைம்பது!"

"அப்ப பெருசே போடலாம். நீளத்தையும் ஒருக்கா அளந்து பாருங்க. சீல் உடைக்காம கொண்டுவந்தா மாத்தித் தருவேன். உடைச்சா, அந்தோனியாரே வந்து கேட்டாலும் ஏலாது, சேர்."

பெரியது வாங்கினேன். திரும்பும் வழியெல்லாம் மடியில் குழந்தை போல.

ஆனி 12, வியாழன்

இரவெல்லாம் மழை. காலையில் ஓய்வு. கீழ்வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

பவானி அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்னப்பா, கப்பல் மாதிரி."

"துறைமுகத்துப் பக்கம் வாங்கினால் கப்பல்தான் வரும்."

"பகிடி விடாதேங்கோ. பவர் சப்ளை கேட்டவரோ?"

"ஓம். சொன்னனான்."

"பாத்திட்டுத்தானே சொன்னனீங்கள்?"

"பாக்காமலோ!"

பொய்யன்று. ஏதோ ஒன்றைப் பார்த்துத்தானே சொன்னேன்.

பொருத்துவது நாளை நண்பகல், இராகு காலம் கழிந்த பின் என்றேன்.

"மேடையில மூடநம்பிக்கை எண்டு முழங்கிறது ஆர்?"

"புதுச் சாமான். அது வேறை."

திரை இன்றும் இருண்டு இருண்டு வந்தது. தாலி கட்டும் இடத்தை மேளச் சத்தம் கேட்டே வெட்டினாள். கெட்டிமேளம், அவள் கை நின்றது, வெட்டு. முகம் வாடியிருந்தது. தேநீர் நான் போட்டேன். சீனி மறந்தேன்.

ஆனி 13, வெள்ளி

வெயில். கடல் தெளிவு.

இராகு காலம் கழியக் காத்திருந்தோம். தூசி தட்டவென்று பவானி கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே அவள் கேட்ட பவர் சப்ளை, மின்வழங்கி; அதன் விவரச்சீட்டின் மேல் காய்ந்த சந்தனம், குங்குமம். ஆண்டுதோறும் வாணி விழாவுக்கு நானே திறந்து, துடைத்து, இயந்திரத்தின் நெஞ்சு இதுவென்று வைத்த பொட்டு. பொட்டின் மேல் பொட்டு. எண் இருந்த இடத்திலேயே.

"சுரண்டட்டோ?"

"பூசைப் பொட்டெல்லோ..."

"சரஸ்வதியும் வாசிக்கத்தான் சொல்லுவா. விலகுங்கோ."

தேநீர்க் கரண்டியின் முனை. நான்கு. ஐந்து. சுழி.

நானூற்றைம்பது.

கத்துவாள் என்று நினைத்தேன். தையல் நாடாவை எடுத்து உள்ளே அளந்தாள். பெரிய அட்டை நீளத்திலும் கொள்ளாது.

"அறுநூற்றைம்பது எங்கையிருந்து வந்தது?"

மேசைக்கடியைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"அது கரண்ட் போனா உதவிற பெட்டியப்பா. கம்பியூட்டருக்கு வெளியிலையெல்லோ கிடக்கு." சிரிக்கத் தொடங்கினாள். திரை மறுபடி இருண்டது. நிறுத்தினாள்.

ஜெரோமைத் தொலைபேசியில் அழைத்தாள். சிறிய அட்டைக்கு நானூற்றைம்பது தாராளம், நீளமும் சரி. ஆனால் இன்று மாலை கடை பூட்டுமுன் மாற்ற வேண்டும். நாளையும் மறுநாளும் கடை திறவார். மகளுக்கு மாதா கோயிலில் முதல் நன்மைச் சடங்கு.

மாலையில் என் உரை. அதே நேரம்.

"நீங்கள் பேசப் போங்கோ. நான் ஓட்டோவில போய் மாத்திக்கொண்டு வாறன்."

சொல்லிக்கொண்டே அடுத்த காட்சியை வெட்டினாள். வரவேற்பு முழுவதும் இன்னும் கிடக்கிறது. அவள் எழுந்தால் வேலை நிற்கும். ஞாயிறு நிற்காது.

உரைத்தாள்கள் மேசையில். தொடக்கம் இப்போது நல்ல சூடு. வீண்.

பேச்சாளனே, உன்னைத்தான் அழைக்கிறேன். சங்கச் செயலாளருக்குச் சொல், வேறொருவர் பேசட்டும். காரணம் கேட்டால் தொண்டைக்கட்டு என்னாதே. சட்டையை மாட்டு. முத்திரை உடையாத பெட்டியைத் தூக்கு. கடையில் எத்தனை பேர் நின்றாலும், கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்: தெரியாமற் சொன்னேன், சிறியதைத் தாருங்கள். இராகு காலம் கழிந்துவிட்டது. பேனையை வை. எழு!