பன்னிரண்டரை மணி வெயில்

அன்புள்ள கறார்காரிக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீ நலமா என்று வழக்கம்போலக் கேட்க இந்த முறை கூச்சமாக இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே சண்டை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. பாப்பாவுக்கு முன்பல் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது. நான் காலை ஆறிலிருந்து டிரைவிங் ஸ்கூல் காரிலேயே கிடக்கிறேன். ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் கருத்துப்போய், மற்றக் கை யாரிடமோ இரவல் வாங்கியது போல இருக்கிறது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

அந்த வெளிநாட்டில் குளிர் தொடங்கியபோது நீ அழுதாய். இருட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்து இருட்டில் வெளியே வருகிறேன், தூக்கமே இல்லை என்றாய். ஊரார் ரத்தத்தைச் சோதிப்பவள் உன் ரத்தத்தைச் சோதித்தால் வைட்டமின் டி அதலபாதாளத்தில். டாக்டர் அதற்கு மாத்திரை தந்துவிட்டு, மனசுக்கு மதிய இடைவேளையில் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடக்கச் சொன்னார். அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். எலும்பு முறிவுப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு நடைக்காரர் துணைக்கு வருகிறார், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார், ஒரே வாரத்தில் தூக்கம் வந்துவிட்டது என்றாய் பார், அன்றைக்குப் போனது என் தூக்கம்.

உண்மையைச் சொல்கிறேன். அவர் மேல் மட்டுமில்லை, உன் முகத்தில் விழுகிற அந்த வெயில் மேலேயே எனக்குப் பொறாமை. ஒன்பது வருஷமாக உன்னைச் சிரிக்க வைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். அந்த மனுஷன் பக்கத்தில் நடந்தே சாதித்துவிட்டார்.

அன்றிலிருந்துதான் உனக்குப் பன்னிரண்டரை அடித்ததும் என் போன் வர ஆரம்பித்தது. பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தைக் குறிபார்த்துத்தான் கூப்பிட்டேன். வைஃபை கிடைப்பது உன் ஆஸ்பத்திரியின் ஜன்னலில்லாத அந்தப் படிக்கட்டில் மட்டும் என்று தெரிந்தும், வீடியோவில்தான் பேச வேண்டும் என்று அடம்பிடித்தேன். இப்படியே ஒன்றரை மாதம். இங்கே அப்போது மாலை ஐந்து. காரை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவேன். ஓட்டப் பழக வந்த ஒரு அம்மா, நான் பேசி முடிப்பதற்குள் தன் பேரனுக்கே லைசென்ஸ் வந்துவிடும் என்று முதலாளியிடம் புகார் சொல்லிவிட்டார். பழகுகிறவர் தடுமாறினால் மிதிக்க என் காலடியில் ஒரு பிரேக் உண்டு. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த உனக்கு அதை மிதித்துவிட்டேன்.

போன ஞாயிறு வீட்டிலிருந்து பேசினேன் அல்லவா? உனக்கு அன்றும் வேலை. போனை வைத்ததும் பாப்பா கேட்டாள்: "அம்மாவ ஏம்ப்பா தெனமும் படிக்கட்டுலயே நிக்க வைக்கிற? அம்மா என்ன தப்பு பண்ணுச்சு?" அவள் பள்ளிக்கூடத்தில் தண்டனை என்றால் நிற்க வைப்பதுதான்.

மறுநாளே நீ சொன்னாய், மறுபடி தூக்கமில்லையாம், அழுகை வருகிறதாம். தினமும் நடக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு, நடக்கிறேன் என்று சொல்லிவிட்டாயாம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க டாக்டரிடமே பொய்.

இந்தக் கடிதம் வந்து சேரும் முன்பே மதியப் போன் நின்றிருக்கும். கோபம் என்று நினைக்காதே. உன் வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன், எனக்குத் தூங்கும் நேரமானாலும் சரி. பன்னிரண்டரைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போ. டாக்டரிடம் உண்மையைச் சொல், பழியை என் மேல் போடு. நடைக்காரர் வந்தால் வரட்டும். நன்றாகச் சிரி. எதற்குச் சிரித்தாய் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே. நான் இன்னும் அவ்வளவு நல்லவனாகிவிடவில்லை.

முகத்தில் வெயில் பட, மகராசியாக இரு.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சலோடு வாழ்த்தும்
உன் வீட்டுக்காரன்