துஷாந்துக்கு இப்போது விசா வேண்டாம்

டயகம
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கிருஷாந்திக்கு அப்பா சொல்லி எழுத வைப்பது. இங்கே ஒரு வாரமாக மழை விடவில்லை, மற்றபடி நானும் அம்மாவும் இருக்கிறோம், குவைத் வெயிலில் உன் தலைவலி விட்டதா என்றுதான் எந்நேரமும் நினைப்பு. போனில் பேசினால் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கே கேட்கும், உன் தம்பி துஷாந்துக்குக் கேட்காதா, அதனால்தான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவத்து டீச்சர் பிரியந்தியை எழுதச் சொல்லிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

துஷாந்த் வேலைக்குப் போறான், சிரிக்கிறான், நல்லாயிட்டான், மாத்திரைய விட்டுட்டு வரட்டும், விசா எடுக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அம்மா கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டாள். எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை புள்ள. எழுத்துத் தெரியாதவன் என்றாலும் அவனுடைய ஒவ்வொரு நாளும் என் தலைக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை தூங்கவில்லை என்றால் செவ்வாய் ரொட்டியைத் தொடமாட்டான், சாப்பிடாததால் புதன்கிழமை மலை ஏறக் கால் வராது, பாதியில் இறங்கி அரைநாள் கூலியாக அரைப் பேரோடு வருவான், வந்ததும் நான் உங்களுக்குப் பாரம்ப்பா என்பான், அந்த நினைப்பே மறுபடி தூக்கத்தைத் தின்றுவிடும். கிளினிக்கில் இதைச் சொன்னேன். அந்த டாக்டர் மிஸ் சிங்களப் பிள்ளை, ஒன்னு ஒன்ன இழுக்கும் ஐயா, நீங்க சொல்றது சரி என்றது. மருந்து வேலை செய்யும்போது முதலில் தூக்கமும் கால் தெம்பும் வரும், மனசு கடைசியாத்தான் வரும், அந்த இடைவெளியில் தனியா விடாதீங்க, மாத்திரையை நிப்பாட்டாதீங்க என்றும் சொன்னது.

அந்த இடைவெளியை எனக்குத் தெரியும் புள்ள. உன் சித்தப்பா சிவசாமியும் ஆறு மாதம் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கியைக் கூட்டி வந்து உடுக்கடித்தோம். ஒரு நாள் தானாகவே எழுந்து, குளித்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்றான். முழுப் பேர் வாங்கினான். பேய் எறங்கிருச்சு என்று லயமே சிரித்தது, நானும் சிரித்துவிட்டு என் மலைக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவனைத் தூக்கி வந்தோம். நீல பெனியன் போட்டிருந்தான். துஷாந்த் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பெனியன்தான் தெரிகிறது.

அதனால் வேலை கொடுக்கும் கண்டாக்கையாவைக் கெஞ்சி அவனைப் பூச்சி மருந்தடிக்கும் வேலையிலிருந்து மாற்றி, நாலு பேரோடு மழைத்தண்ணி ஓடும் கான் வெட்டப் போட்டிருக்கிறேன். நானும் தினம் பின்னாலேயே போய்க் கல்லில் உட்கார்ந்துகொள்கிறேன். கொழுந்தெடுக்கும் பெண்கள், தாத்தாவ மறுபடியும் கங்காணியாக்கிட்டாங்களா, சம்பளம் உண்டா இல்ல வெத்தல மட்டுந்தானா என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நேற்று இறங்கி வரும்போது அவனே நின்று, ஏம்ப்பா எங்கூடவே வாறீங்க என்று கேட்டான். வெத்தலை வாங்க என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. உங்கள் இருவருக்கும் இத்தனை வருஷம் மறைத்த சிவசாமி கதையை நடுரோட்டில் முழுக்கச் சொல்லிவிட்டேன். அவன் மண்வெட்டியைத் தோள் மாற்றிப் போட்டு என் பக்கத்திலேயே நடந்தான். லயம் தெரிகிற வளைவு வந்ததும், எனக்கும் சில நேரம் அப்படித்தாம்ப்பா வருது, திங்கக்கிழமையும் வாங்க என்றான்.

ஆகவே நான் அவன்கூடப் போகிறேன் மகளே, நீ விசாவை நிப்பாட்டு. போனில் அவனிடம் எப்ப வாற என்று கேட்காதே, இன்னைக்கு என்ன சாப்பிட்ட என்று மட்டும் கேள். விசாவுக்குக் கொடுத்த அவன் பாஸ்போர்ட் கொப்பியை மறக்காமல் திருப்பி வாங்கிவிடு. நம் தோட்டத்துக் காவல் சாமி ரோதமுனி கடல் தாண்டியும் உனக்குக் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா வீரபத்திரன்
(கைநாட்டு)