பிள்ளையின் நிருபம்

நெடுந்தீவு,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள மகள் நிமலினிக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருக்கிறார்கள், அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். உன் சுகத்துக்காகக் கர்த்தரை மன்றாடுகிறேன் என்பது அடுத்த வரி. அதை எழுதப் போய், பேனையை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு வந்தேன். வந்த பிறகும் அது எழுத வரவில்லை, ஆகவே அதை விட்டுவிட்டு மேலே போகிறேன். நீ போனை எடுக்கிறாயில்லை. நான் அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் நிற்கிறது, இரண்டாவது வருகிறதேயில்லை. உன்னோடு படித்த சர்மிதாவிடம் கேட்டேன், நீ எங்களைத் தடுத்து வைத்திருக்கலாம் என்றாள். பெற்ற தாயையும் தடுக்கலாமோ பிள்ளை என்று கேட்டதற்கு, ஓம் அன்ரி, அதுக்கு ஒரு பொத்தானை அமத்தினால் காணும் என்றாள். அதனால்தான் கடிதம். நீ முன்பு சீலை அனுப்பிய பெட்டியின் மட்டையில் நீ ஊழியம் செய்கிற ஆஸ்பத்திரியின் விலாசம் இருந்தது, அதைப் பார்த்து எழுத்தெழுத்தாக உறையில் எழுதியிருக்கிறேன். ஆபிரிக்காவிலுள்ள மலாவிக்குக் கடிதம் போகுமா என்று தபால்காரருக்கே தெரியவில்லை. போட்டுப் பாருங்கோ அக்கா என்றார்.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. கிணற்றுத் தண்ணீர் இந்தக் கோடையில் வாயில் வைக்க முடியாத உவர், குடிக்கிற தண்ணீர் வண்டியில் வருகிறது, வராத நாளும் உண்டு. எனக்குப் பிரஷர் கூடித்தான் நிற்கிறது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள், படகிலும் பஸ்ஸிலும் இடிபட்டுப் போய் வந்தால் இருக்கிற பிரஷரும் கூடும் என்று நான் போகவில்லை. பக்கத்து வளவு அம்பலவாணர் ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன தங்கச்சி, உங்கடை கோயில் மணி இப்ப அடிக்கிறேல்லை, என்ரை மாடுகளுக்குப் பால் கறக்கிற நேரம் பிசகிப் போச்சு என்றார். பகிடியாகத்தான் சொன்னார். திருநீறு பூசிய அந்த மனிசனுக்கு எங்கள் மணி தேவைப்பட்டிருக்கிறது, எங்களுக்குத்தான் அடிக்கக் கை எழவில்லை. அப்பா காலையில் எழும்பி முற்றத்தில் கதிரையைப் போட்டுக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறார், வெயில் ஏறினால் கதிரையை நிழலுக்கு இழுக்கிறார், அவ்வளவுதான் அவருடைய வேலை. போனை நிறுத்தி அலுமாரிக்குள் உடுப்புகளுக்குக் கீழே வைத்துவிட்டார். அதைத் தொட மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சர்மிதா உனக்கு அரைகுறையாக எழுதியிருக்கிறாள். நாங்கள் எல்லாரும் கேட்டனாங்கள், உனக்காக ஜெபிக்கிறம் என்று அவள் போட்டதை எனக்கும் காட்டினாள். நல்ல மனதோடுதான் செய்தாள், ஆனால் அந்த ஒரு வரியை வாசித்தபோது உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்றுதான் எனக்கு இப்போதும் நினைப்பு. ஆகவே முழுவதையும் நான் சொல்கிறேன், கேள். நம் சபையின் ஒழுங்கு உனக்குத் தெரியும். தூரத்தில் ஊழியம் செய்பவரின் கடிதத்தைச் சபை கூடும்முன் ஒருவரும் உடைக்கக் கூடாது. முதலில் ஒருவர் வாசித்தால் கெட்டதை விழுங்கிவிட்டு நல்லதை மட்டும் சொல்லிவிடுவார், அப்போஸ்தலர் எழுதின நிருபங்களும் கூடியிருந்த எல்லாருக்கும் முன்னால்தான் வாசிக்கப்பட்டன என்பது பழையவர்களின் நியாயம். நீ போன நாளிலிருந்து பவுலின் நிருபத்துக்குப் பிறகு பிள்ளையின் நிருபம் என்று ஆராதனையில் அதற்கு ஓர் இடமே வந்துவிட்டது. கடிதம் நின்று உன் குரல் பதிவாகிப் போனில் வரத் தொடங்கிய பிறகும் அப்பா அந்த ஒழுங்கை விடவில்லை. நீ வழமையாகச் சனிக்கிழமை அனுப்புவாய், சபைக்கு என்று ஒரு சொல்லும் போட்டிருப்பாய். இந்தமுறைக் குரல்பதிவு வியாழக்கிழமையே வந்தது, அப்படிச் சொல் ஒன்றும் இல்லை. எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. ஒருக்கால் போட்டுக் கேளுங்கோவன் என்றேன். சபைக்கு முந்தி நாங்கள் கேக்கிறதோ, அது களவெல்லோ என்றார். சபை மூப்பர் என்றால் மூப்பர்தான், கட்டின பெண்சாதி சொல்லி எதைக் கேட்டிருக்கிறார். மூன்று நாளும் அந்தப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளை இந்தமுறை வேளைக்கே அனுப்பியிருக்கிறாள், ஏதோ பெரிய சந்தோஷச் செய்திதான் என்று சந்தித்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நம் சபைப் பொடியன் சயந்தன் பிரான்சிலிருந்து அனுப்பிய அந்தச் சின்ன ஒலிபெருக்கியோடு போனை இணைத்துத்தான் அப்பா போட்டார். அப்பா, நான் இப்ப ஜெபிக்கிறேல்லை என்று நீ தொடங்கினாய். வாந்திபேதியில் போன குழந்தைகளைப் பற்றிச் சொன்னாய், தாய்மார் உன் கையைப் பிடித்து ஜெபிக்கச் சொல்வதையும், உன் வாய் மட்டும் அசைவதையும் சொன்னாய். ஆரும் கேக்கேல்லை அப்பா, இவ்வளவு காலமும் ஆரோடை கதைச்சனான் எண்டே தெரியேல்லை என்றாய். பிறகு, சபைக்குச் சொல்லிப் போடாதேங்கோ, இது உங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும்தான் என்றாய். அது கோயில் முழுக்கக் கேட்டது. அப்பா நிறுத்தத்தான் பார்த்தார் பிள்ளை, அதை நீ நம்ப வேண்டும். அவசரத்தில் வேறெதையோ அமத்த, சத்தம் இன்னும் கூடிவிட்டது. அது முடிந்ததும் நீ அதற்குப் பின்னால் அனுப்பியிருந்த மற்றது தானாகவே ஓடத் தொடங்கிற்று. அதில் பேச்சு இல்லை, நீ அழுதது மட்டும்தான் இருந்தது. நான் எழும்பிப் போய் ஒலிபெருக்கியைத் தூக்கி என் சேலைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அமத்திப் பிடித்தேன். அப்படியும் கேட்டது.

உன்னை ஒருவரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், நானும் நாலு சொல் திருப்பிக் கொடுத்திருப்பேன். நடந்தது வேறு. மகனைப் போரில் பறிகொடுத்து, அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் இருக்கிற பரிமளம் அக்கா மெல்ல எழும்பினா. எனக்கும் உப்பிடித்தான், அவனைக் கொண்டு போன நாளிலையிருந்து வாய் மட்டும்தான் அசையுது, நிமலினி அங்கை எங்களுக்கும் சேர்த்து விசுவாசிக்கிறாள் எண்டுதான் இருந்தனான் என்றா. மீன்பிடிக்கப் போகிற பாலசிங்கத்தார் இருந்த இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு, நானும் பிள்ளையை நம்பித்தான் இங்கை வாறனான் என்றார். பிறகு வேறு ஆட்களும் அதையேதான் சொன்னார்கள். யோசித்துப் பார், இந்தத் தீவில் எங்கள் சின்னச் சபை அனுப்பிய ஒரே ஆள் நீ. நாங்கள் உன்னைத் தாங்குகிறோம் என்று ஒவ்வொரு வாரமும் பாடினோம். உண்மையில் உன் முதுகில் ஏறித்தான் இருந்திருக்கிறோம், நீ அங்கே தனியே நடந்திருக்கிறாய். கடைசி ஆசீர்வாதம் சொல்லாமலே எல்லாரும் எழும்பிப் போனோம். அடுத்த ஞாயிறு பரிமளம் அக்கா மட்டும் வந்தா, அதற்கடுத்த ஞாயிறு அவவும் இல்லை. போதகர் பட்டணத்திலிருந்து மாதத்தில் ஒருதரம் வருவார், வந்தபோது இருக்க ஆளில்லாத வாங்குகளைப் பார்த்துவிட்டு, ஓட்டத்தைப் பொறுமையோடு ஓட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பிரசங்கம் செய்தார். கடல் கொஞ்சம் எழும்பினால் பாதி வழியில் திரும்புகிற மனிதர், எங்களுக்கு ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறார். நான் கஞ்சியாவது குடித்துவிட்டுப் போங்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

காலை வாசிப்பை மட்டும் நான் விடவில்லை. விசுவாசத்தினால் என்று நினைத்துவிடாதே. அந்த நேரத்துக்கு வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, வயதுபோன காலத்தில் புதுப் பழக்கம் வருகிறதா. அப்பா கதிரையில் இருப்பார், நான் வாசற்படியில் இருந்து சத்தமாக வாசிப்பேன், அவர் கேட்கிறாரா என்று நான் பார்ப்பதில்லை. இப்போது கொரிந்து சபைக்கு எழுதின இரண்டாம் நிருபம் போகிறது. ஆசியாவில் தனக்கு வந்த உபத்திரவத்தில் உயிரோடு இருப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று பவுல் தொடக்கத்திலேயே எழுதுகிறார். எத்தனை தரம் இதை வாசிக்கக் கேட்டிருக்கிறோம், ஒருவராவது திடுக்கிட்டோமா. அந்தக் காலத்தில் கொரிந்துவில் ஒரு வீட்டுக்குள் இதை முதன்முதல் சத்தமாக வாசித்தவனுக்குக் குரல் தடுமாறியிருக்காதா, கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்களா. ஆனால் அடுத்த வசனத்திலேயே அவர் எழும்பிவிடுகிறார், மரித்தோரை எழுப்புகிற தேவனை நம்பத்தான் அப்படி நடந்தது என்று காரணமும் சொல்லிவிடுகிறார். நான் அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினேன். உனக்கு அந்த அடுத்த வசனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. வராதவர்களுக்கு என்று அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதினதையும் எடுத்துப் பார்த்தேன். சிறையிலிருந்து எழுதுகிறார், கூட ஊழியம் செய்த தேமா தன்னை விட்டுப் போய்விட்டான் என்று ஒரு வரியில் அவனுடைய கதையை முடித்துவிடுகிறார். அந்த வரியை வைத்து எத்தனை பிரசங்கம், போன வருடம்கூட ஒன்று கேட்டோம். தேமா எங்கே போனான், ஒழுங்காகச் சாப்பிட்டானா, அவனுக்கு ஒரு தாய் இருந்தாளா, அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாளா என்று ஒருவரும் எழுதவில்லை. உன்னை யாராவது தேமா என்று சொன்னால் அவர்கள் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். குளிருக்குப் போர்க்கிற மேலங்கியைக் கொண்டுவா, மாரிக்கு முந்தி வந்து சேர் என்று அந்தக் கிழவர் கேட்கிறார் பார், அதில்தான் எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு பெரிய ஊழியக்காரர், கடைசியில் கேட்டது ஒரு போர்வையும் ஓர் ஆளும். தீமோத்தேயு போய்ச் சேர்ந்தானா என்று தேடினேன். எங்கும் இல்லை.

உன்னை வா என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா. ஆனால் வந்தால் இங்கே என்ன இருக்கிறது. பூட்டின கோயிலும், உன்னைக் கண்டால் பரிதாபமாகப் பார்க்கப் போகிற ஆட்களும், பேசாத அப்பாவும்தான். அங்கேயே இரு என்றும் எழுத மாட்டேன், பிள்ளைகள் சாகிற இடத்தில் வெறும் வாயோடு நிற்கச் சொல்ல நான் என்ன கல்லா. இரண்டும் சரியில்லை, மூன்றாவது ஒன்று எனக்குத் தெரியவில்லை. இது மாறும் என்று உனக்குச் சொல்லத்தான் தாய் எழுத வேண்டும், நான் அப்படிச் சொன்னால் நீ என் குரலிலேயே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவாய். அப்பா அன்றிலிருந்து இதைப்பற்றிச் சொன்னது ஒரே ஒரு தரம். சோறு போட்டுக் கொடுத்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை எங்கள் ரெண்டு பேரையும்தான் தன்ரை சபை எண்டு நினைச்சவள், நான் அவளை அங்கையிருந்து வெளியிலை தள்ளிப்போட்டன் என்றார். அதன் பிறகு கையைக் கழுவிவிட்டு எழும்பிவிட்டார். அவரை மன்னி என்று நான் கேட்கவில்லை, அது உன் பாடு. அவர் அன்றைக்குச் செய்தது துரோகம் இல்லை, உன்னில் வைத்த பெருமை என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடி, மற்றவர்களுக்குச் சொல்கிற உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து இருட்டின பிறகு தனியே நடக்காதே. தலைக்கு எண்ணெய் வை, நீ வைக்கிறாயில்லை என்பது படங்களில் தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு. ஜெபிக்க வராவிட்டால் ஜெபிக்காதே, வாயை அசைத்து உன்னை வருத்தாதே, அந்தத் தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். கிருபையும் சமாதானமும் உன்னோடு இருப்பதாக என்று எழுதித்தான் அவர்கள் நிருபங்களை முடிப்பார்கள். அது இருக்கிறதோ இல்லையோ எனக்குச் சொல்லத் தெரியவில்லை மகள். இருந்தால், எங்கள் பங்கையும் நீயே எடுத்துக்கொள்.

ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதத்தை நான் ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை, அப்பாவுக்கும் இல்லை. மறுமொழி வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எழுதினால் என் பெயருக்கு எழுது, என்ன வேண்டுமானாலும் எழுது. குசினிக் கதவைச் சாத்திவிட்டு நான் தனியே இருந்து வாசிப்பேன். வாசித்ததை ஒருவருக்கும் சொல்ல மாட்டேன், கர்த்தருக்கும் கூட.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா